யோசெஃப் ஆல்பர்ஸின் சதுரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவிய மாணவர்களுக்கு வண்ணப் பாடம் எடுக்கும்போது யோசெஃப் ஆல்பர்ஸின் பெயரைச் சொல்லாமல் கடக்க முடிவதில்லை. சொன்னவுடன் கேள்விகள் கிளம்பும். ஆண்டுதோறும் மாணவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. பதில்களை எழுதி வைத்துவிட்டால் அந்த நேரத்தில் வகுப்பில் வண்ணத்தாளை வெட்டலாமே என்றுதான் இந்தப் பக்கம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முன்னால், குடைச்சல் கொடுப்பவை பின்னால்.

1. யார் இந்த ஆல்பர்ஸ்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூரில், பொட்ராப் என்ற ஊரில் 1888இல் பிறந்தவர். தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. ஆல்பர்ஸ் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1920இல், 32 வயதில், வைமர் நகரத்து பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார்; சில ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியரானார். நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. அதே ஆண்டு மனைவி ஆனியுடன் அமெரிக்காவுக்குப் போய், வட கரோலினாவில் புதிதாகத் தொடங்கியிருந்த பிளாக் மௌண்டன் கல்லூரியில் 1949 வரை கற்பித்தார். அதன் பிறகு யேல் பல்கலைக்கழகம். 1976இல் நியூ ஹேவனில் காலமானார். ஆனி ஆல்பர்ஸ் நெசவைக் கலையாக உயர்த்தியவர். அவரை ஒரு வரியில் கடப்பது அநியாயம், அவருக்குத் தனிப் பக்கமே வேண்டும்.

அமெரிக்காவில் இறங்கியபோது ஆல்பர்ஸுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், கண்களைத் திறந்துவிடப் போகிறேன் என்ற பொருளில் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னார். ராபர்ட் ரவுஷன்பர்க், ரூத் அசாவா, ஈவா ஹெஸ்ஸே ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். மூவரின் வேலையும் ஆசிரியரின் வேலையைப் போலவே இல்லை. அதை ஆசிரியருக்குக் கிடைத்த நற்சான்றாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

2. சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம். இதில் அப்படி என்ன இருக்கிறது?

இந்த வரிசைக்குப் பெயர் 'சதுரத்துக்கு வந்தனம்'. 1950இல், 62ஆம் வயதில் தொடங்கி, சாகும்வரை வரைந்தார். மொத்தம் 2,000க்கும் மேல். பெயரை நம்பி அவரைச் சதுரத்தின் பக்தர் என்று எண்ணிவிட வேண்டாம். நிறத்தின் மேல் தனக்கிருக்கும் பித்தைப் பரிமாறும் தட்டுதான் சதுரம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு மரத்தை வரைந்தால் பார்ப்பவர் மரத்தைப் பார்ப்பார். அதன் பச்சையைப் பார்க்க மாட்டார். வடிவம் படத்துக்குப் படம் மாறினால் வடிவத்தை ஒப்பிடுவார். வடிவத்தை ஒரே இடத்தில் கட்டிப்போட்டுவிட்டால் மாறுவதற்கு நிறம் மட்டுமே மிச்சம். இரண்டு படங்களை அருகருகே வைத்ததும் 'இது பெரிதாக இருக்கிறதே, அது உள்ளே போகிறதே' என்று சொல்கிறீர்கள் அல்லவா? இரண்டிலும் கோடுகள் ஒன்றுதான். அந்த வேறுபாடு முழுக்க நிறத்தின் கைவேலை.

3. உள்சதுரங்கள் ஏன் நடுவில் இல்லை? கீழே இறங்கி உட்கார்ந்திருக்கின்றனவே.

பலகையின் அகலத்தைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சதுரம் உள்ள படத்தில் அவற்றின் பக்க அளவுகள் 10, 8, 6, 4. ஒரு சதுரத்துக்கும் அடுத்த சதுரத்துக்கும் இடையே கீழே அரைப் பங்கு, இடமும் வலமும் ஒவ்வொரு பங்கு, மேலே ஒன்றரைப் பங்கு. விகிதமாகச் சொன்னால் 1:2:3.

கட்டம் போட்ட தாளில் வரைந்து, சதுரங்களின் மூலைகளை ஸ்கேல் வைத்து இணைத்து, கோடுகளை உள்ளே நீட்டிப் பாருங்கள். நான்கு கோடுகளும் ஒரே புள்ளியில் கூடும். அந்தப் புள்ளி நடுக்கோட்டில், அடியிலிருந்து கால்வாசி உயரத்தில், கடைசிச் சதுரத்தின் உள்ளேயே விழும். கண் தானாக அங்கே இழுபடுகிறது. சதுரங்கள் உள்ளே பின்வாங்குவதாகவும் முன்னே எழுந்து வருவதாகவும் மாறி மாறித் தோன்றுவதற்கு இந்த ஏற்பாடு இடம் கொடுக்கிறது. எந்தப் பக்கம் என்பதை நிறம் தீர்மானிக்கும்.

எல்லாவற்றையும் நட்டநடுவில் வைத்திருந்தால் அசைவு செத்துப்போகும். சந்தேகமிருந்தால் அதையும் வரைந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

4. எல்லாப் படத்திலும் நான்கு சதுரம்தானா?

இல்லை, மூன்று சதுரம் உள்ளவையும் ஏராளம். மேலே சொன்ன நான்கில் உள்சதுரம் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் மூன்று சதுர அமைப்புகள் கிடைக்கும். மொத்தம் நான்கே அமைப்புகள்; கால் நூற்றாண்டு வேலை இந்த நான்குக்குள்தான் நடந்தது.

5. கேன்வாஸ் இருக்கும்போது ஏன் பலகையில் வரைந்தார்?

அவர் எடுத்துக்கொண்டது மேசனைட். மரநாரை அவித்து அழுத்திச் செய்யும் பலகை. நம் கடைகளில் ஹார்ட்போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு முகம் வழவழப்பாகவும் மறுமுகம் வலைத்தடத்தோடு சொரசொரப்பாகவும் இருக்கும். ஆல்பர்ஸ் அந்தச் சொரசொரப்பான முகத்தில்தான் வேலை செய்தார். கேன்வாஸ் கைக்கு நெளிந்து கொடுக்கும். கத்தியால் வண்ணத்தை இழுத்துப் பரப்புபவருக்குக் கெட்டியாக எதிர்த்து நிற்கும் தளம் வேண்டும்.

பலகையின் மேல் முதலில் வெள்ளை அடித்தளம், குறைந்தது ஆறு பூச்சு. நம் பெயின்டர்கள் பிரைமர் என்பார்களே, அந்த வேலைதான். 16 அங்குலச் சதுரத்திலிருந்து 48 அங்குலச் சதுரம் வரை இதே முறை. ஓரத்தில் பல படங்களில் மெல்லிய வெள்ளை விளிம்பு வண்ணம் படாமல் விடப்பட்டிருக்கும். அது அந்த அடித்தளமேதான். நிழற்படங்களில் இதைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது.

6. தூரிகையே தொடவில்லையா?

நிறத்துக்குத் தூரிகை இல்லை. டியூபைப் பிதுக்கி, பாலெட் கத்தியால் பரப்புவார். எல்லை காட்டுவதற்கு மெல்லிய பென்சில் கோடு மட்டும். விளிம்பைக் கையாலேயே கொண்டுவந்தார். அருகில் போய்ப் பார்த்தால் கத்தி நின்று திரும்பிய இடத்தில் வண்ணம் சற்றே மேடுகட்டி நிற்பது தெரியும். பலகையின் வலைத்தடமும் வண்ணத்தினூடே தலைகாட்டும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டில் மயிரிழைத் தள்ளாட்டமும் இருக்கும். எந்திரம் போட்ட படம் என்று தொலைவிலிருந்து தோன்றுவதெல்லாம் மூன்றடிக்குள் போனால் மறைந்துவிடும்.

நடுச் சதுரத்தில் தொடங்கி வெளியே வருவார். இது தந்தை கற்றுக்கொடுத்த தொழில் வழக்கம். கதவுக்கு வண்ணம் அடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கினால் வழிவதைப் பிடித்துக்கொண்டே வரலாம், சட்டைக் கையும் அழுக்காகாது. தன் கலைக்கு யார் முன்னோடி என்று கேட்டவர்களிடம் பெரிய ஓவியர்களின் பெயர்களைச் சொல்வதைவிடத் தந்தையைச் சொல்வதில் அவருக்குப் பெருமை இருந்தது.

7. கலக்காமல் டியூபிலிருந்து அப்படியே பூசினால் அதில் திறமை எங்கே இருக்கிறது?

தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மஞ்சள் காவி என்ற ஒரே பெயரில் ஐந்து கம்பெனிகளின் டியூபை வாங்கி வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் தீற்றிப் பாருங்கள். ஐந்தும் ஐந்து நிறம். நிறமி வந்த இடம், அரைத்த நுணுக்கம், சேர்த்த எண்ணெய், கலந்த நிரப்பி எல்லாம் வேறு வேறு. ஆல்பர்ஸ் பல கம்பெனிகளின் டியூப்களை வாங்கிக் குவித்து வைத்திருந்தார். ஒரு பெயருக்கு ஒரு நிறம் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை.

கலந்தால் என்ன குறை? கலந்த நிறத்தை மறுநாள் அதே அளவில் திரும்பக் கொண்டுவர முடியாது. அடுத்த படத்தில் அந்த நிறத்துக்கு வேறு அண்டை வீட்டைக் கொடுத்து, அதன் நடத்தை எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்புபவருக்கு, நிறம் இரண்டு படத்திலும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். இளஞ்சிவப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் வெள்ளை சேர்த்துக்கொண்டார். மற்றபடி விதி கறார்.

8. பலகையின் பின்னால் ஏதோ எழுதியிருக்கும் என்கிறார்களே, என்ன அது?

அடித்தளம் என்ன, எத்தனை பூச்சு, நடுவிலிருந்து வெளியே வரும் வரிசையில் ஒவ்வொரு நிறத்தின் பெயர், அதைத் தயாரித்த கம்பெனி, கடைசியில் பூசிய வார்னிஷ். வின்ஸர் அண்ட் நியூட்டன், க்ரம்பாக்கர் போன்ற பெயர்களை அங்கே சிறிய கையெழுத்தில் பார்க்கலாம். முன்பக்கம் வலது கீழ்மூலையில் ஓர் 'ஏ' எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மட்டும் இருக்கும்.

எனக்கு ஆல்பர்ஸிடம் மிகவும் பிடித்தது இந்தப் பின்பக்கம்தான். முன்பக்கத்தில் எந்த நிறமும் தன் உண்மையான நிறத்தில் தெரிவதில்லை. அதற்காகவே செய்யப்பட்ட படம் அது. அப்படிப்பட்ட படத்தின் முதுகில், உள்ளது இதுதான் என்று கணக்குப்பிள்ளை போல எழுதி வைத்திருக்கிறார். தாளில் இருக்கும் உண்மை ஒன்று, கண்ணுக்கு நிகழும் உண்மை இன்னொன்று என்று வகுப்பில் அவர் பிரித்துச் சொல்வார். பலகையின் இரண்டு பக்கங்களும் அந்த இரண்டும்தான்.

9. ஒரே நிறம் இரண்டாகத் தெரியும் என்கிறீர்கள். அது எப்படி?

புடவைக் கடைக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அரக்குக் கரையோடு பார்த்த மாம்பழ மஞ்சள் உடல், கிளிப்பச்சைக் கரையோடு பார்க்கும்போது வேறு மஞ்சளாக இருக்கும். நூல் ஒரே சாயத்தொட்டியில் முங்கியது. மாறியது பக்கத்து நிறம்.

காரணம் கண்ணில் இருக்கிறது. ஒரு நிறத்தைச் சூழ்ந்திருக்கும் பின்னணி, தன் சாயலையும் தன் வெளிச்சத்தையும் அந்த நிறத்திலிருந்து கழித்துவிடுகிறது. நடுத்தரச் சாம்பலைக் கறுப்பின் மேல் வைத்தால் வெளுக்கும், வெள்ளையின் மேல் வைத்தால் கறுக்கும். சிவப்பின் மேல் வைத்தால் கொஞ்சம் பச்சை ஏறும். பின்தோற்றமும் இதே குடும்பம்தான். சிவப்பு வட்டத்தை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அங்கே நீலப்பச்சை வட்டம் மிதக்கும், ஏனென்றால் சிவப்பைப் பிடிக்கும் செல்கள் களைத்துப்போயிருக்கின்றன. ஆல்பர்ஸ் இதையெல்லாம் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மன் எழுத்தாளர் கோத்தே, பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ருல் போன்றவர்கள் முன்பே எழுதிய விஷயங்கள். ஆல்பர்ஸ் அவற்றைப் பாடப் பயிற்சியாக்கி, 1963இல் 'இன்டர்ஆக்ஷன் ஆஃப் கலர்' என்ற நூலாகக் கொண்டுவந்தார். சதுரங்களில் அதையே ஓவியமாக்கினார்.

10. ஒரு சதுரம் இன்னொன்றின் மேல் கண்ணாடித் தாள் போலப் படிந்திருக்கிறதே. மெல்லிய பூச்சை மேலே கொடுத்தாரா?

இல்லவே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று பூசவில்லை. ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தின் எல்லை வரை வந்து நின்றுவிடுகிறது. வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம், இரண்டும் கலந்தால் எது வருமோ கிட்டத்தட்ட அதே நிறத்தை இடையில் வைத்துவிட்டால் போதும். ஒன்று மற்றதன் மேல் படிந்து ஊடுருவித் தெரிவதாக மூளை கதை கட்டிக்கொள்ளும்.

எது மேலே, எது கீழே என்பதைக்கூட அந்த இடைநிறம் முடிவு செய்யும். அது வெளிநிறத்தின் பக்கம் சாய்ந்தால் வெளிநிறம் மேலே படர்ந்ததாகத் தெரியும். உள்நிறத்தின் பக்கம் சாய்ந்தால் தலைகீழ். நட்டநடுவில் சரியாக அமைந்துவிட்டால் மேல் கீழ் என்றே சொல்ல முடியாது. தாளை வெட்டி இதைப் பிடிக்க முயன்றவர்களுக்குத்தான் அந்த நடு எவ்வளவு நழுவும் சரக்கு என்று தெரியும்.

11. சில படங்களில் உள்கோடு மறைந்தே போகிறது. படம் மங்கிவிட்டதா, என் கண்ணில் கோளாறா?

இரண்டும் இல்லை. விளிம்பைக் கண்டுபிடிக்க நம் பார்வை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைத்தான் நம்பியிருக்கிறது. சாயல் வேறாக இருந்தாலும் வெளிச்சம் சமமாக இருக்கும் இரண்டு நிறங்களைச் சேர்த்து வைத்தால் எல்லை கரையும், சில சமயம் நடுங்கும். ஆல்பர்ஸ் இதை வேண்டுமென்றே செய்தார். அந்தப் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் உள்சதுரம் காணாமல்போகும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது கிடைக்கும் அமைதி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

12. டியூப்லைட் வெளிச்சத்தில் வரைந்தாராமே, உண்மையா? ஓவியர்களுக்கு வடக்கு ஜன்னல் வெளிச்சம்தானே நல்லது?

உண்மைதான். நியூ ஹேவன் வீட்டில் அடித்தள அறையே அவருடைய வேலையிடம். இரண்டு வேலை மேசைகள், இரண்டின் மேலும் டியூப்லைட்டுகள். ஒன்றின் மேல் மஞ்சள் சாய்ந்த விளக்கும் நீலம் சாய்ந்த விளக்கும் ஒன்றுவிட்டு ஒன்றாக. இன்னொன்றின் மேல் அவையே வேறு வரிசையில். ஒரு படத்தை இரண்டு மேசையிலும் வைத்துப் பார்ப்பார்.

வடக்கு வெளிச்சம் வட ஐரோப்பிய ஓவியர்களின் பழைய ஏற்பாடு. நேர்வெயில் விழாது, நாள் முழுக்க அதிகம் மாறாது. ஆனால் ஆல்பர்ஸின் கவலை வேறு. எல்லா நிறமிகளும் எல்லா விளக்கின் கீழும் ஒரேபோல நடந்துகொள்வதில்லை. ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் முகம் திருப்பிக்கொள்ளும். கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்துவிட்டு வாங்குகிறோமே, அதே எச்சரிக்கைதான். படம் தொங்கப்போகும் அருங்காட்சியகத்திலும் அலுவலகத்திலும் இருக்கப்போவது எந்த விளக்கு என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட வெளிச்சத்தில் தேறுகிறதா என்று முதலிலேயே சோதித்துவிட்டார்.

13. படத்துக்குள்ளிருந்து ஒளி வருவது போல இருக்கிறது. பின்னால் விளக்கு இல்லை என்று தெரியும். பிறகு எப்படி?

பாதி விடை மேலே வந்துவிட்டது. ஐந்தாம் கேள்வியின் வெள்ளை அடித்தளமும் பத்தாம் கேள்வியின் இடைநிறமும் சேர்ந்து செய்யும் வேலை அது. வெளியிலிருந்து உள்ளே போகப் போக வெளிச்சம் படிப்படியாக ஏறினால், கடைசிச் சதுரம் தானே ஒளிர்வதாகத் தோன்றும். குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ள 1959ஆம் ஆண்டுப் படத்துக்கு 'தோற்றம்' என்ற பொருள்படும் பெயரை வைத்தது சும்மா இல்லை.

மீதிப் பாதி விடைக்குப் பழைய கதைக்குப் போக வேண்டும். பௌஹவுஸில் சேர்ந்தபோது கையில் காசில்லை. முதுகில் பையும் கையில் சுத்தியலுமாக வைமரின் குப்பைமேட்டுக்குப் போய், உடைந்த புட்டிகளையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கி வந்து படமாகச் சேர்த்தார். ஏறக்குறைய 1921இல் செய்த ஒரு வேலையில், கண்ணாடி வியாபாரிகள் காட்டும் மாதிரிச் சதுரங்களை இரும்புக் கம்பி வலையில் செப்புக் கம்பியால் கட்டியிருக்கிறார். சதுரம், கட்டம், வாங்கிய நிறத்தை மாற்றாமல் பயன்படுத்துவது எல்லாம் அங்கேயே இருக்கின்றன. 1950 வரை காத்திருக்கவில்லை.

பிறகு முறை மாறியது. பால் வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய நிறத்தோல் உருக்கிச் சேர்த்த தகட்டை எடுத்து, வெட்டிய அச்சுத்தாளை ஒட்டி, மணலை வேகமாகப் பீய்ச்சி நிறத்தோலை மட்டும் அரித்துவிடுவார். நிறம் போன இடத்தில் வெள்ளை கண்ணைப் பறிக்கும். இந்த முறைக்கு நேர்கோடு ஒத்துவரும், குழைவான கோடு தகராறு செய்யும். அவருடைய வடிவியல் பாதி இந்தக் கருவியிலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம். முதலில் ஒளி கண்ணாடியை ஊடுருவி வந்தது. பிறகு கண்ணாடியின் முகத்தில் பட்டுத் திரும்பியது. கடைசியில் கண்ணாடியே போய், வெள்ளைப் பலகையும் கத்தியில் எடுத்த வண்ணமும் அந்த வேலையைச் செய்தன. 1928இல் இப்படி மணல் வீசிச் செய்த 'நகரம்' என்ற படத்தின் அமைப்பையே 1963இல் நியூயார்க்கின் பான் ஆம் கட்டடத்தில் பெரிய சுவரோவியமாக்கினார். அங்கே பொருள் ஃபார்மைக்கா. நம் வீடுகளில் சன்மைக்கா என்கிறோமே, அந்த வகைத் தகடு. கட்டடப் புதுப்பிப்பில் அகற்றப்பட்டு, 2019இல் மீண்டும் செய்து வைக்கப்பட்டது.

14. கண்ணாடியிலிருந்து சதுரத்துக்கு நேரே வந்துவிட்டாரா?

நடுவில் மெக்ஸிகோ இருக்கிறது. 1935 முதல் அவரும் ஆனியும் அங்கே திரும்பத் திரும்பப் போனார்கள். மோன்டே அல்பான், மிட்லா போன்ற இடங்களின் பழைய கல் கட்டடங்களை நிழற்படமாக எடுத்துக் குவித்தார். அடோபி எனப்படும் பச்சை மண் செங்கல்லில் கட்டி, வெளிச்சுவரில் அடர்த்தியான நிறம் பூசிய வீடுகளும் அவரைப் பிடித்துக்கொண்டன. 1947இல் தொடங்கிய 'அடோபி' வரிசையில், இரண்டு ஜன்னல் வைத்த வீட்டு முகப்பு போன்ற ஓர் அமைப்பை நிறம் மாற்றி மாற்றி வரைந்தார். ஒரு வடிவம், பல நிறம் என்ற ஏற்பாடு அங்கே முழுதாகத் தயாராகிவிட்டது. சதுரம் அதை இன்னும் உரித்தது.

15. ஸ்ரீசக்கரம், யந்திரம் மாதிரி இருக்கிறதே. இந்தியத் தாக்கமா?

ஆசைப்படலாம், ஆதாரம் வேண்டுமே. அவர் திரும்பத் திரும்பப் பேசிய கலை மெக்ஸிகோவுடையது. யந்திரம் மையத்தை நோக்கிச் சமச்சீராக அமையும். ஆல்பர்ஸின் சதுரம் மூன்றாம் கேள்வியில் பார்த்தபடி மையத்தைத் திட்டமிட்டே தவிர்க்கிறது. தாந்திரிக வடிவங்களிலிருந்து வந்த வடிவியல் ஓவியம் வேண்டுமென்றால் இந்திய ஓவியர் எஸ். எச். ராசாவின் பிந்து ஓவியங்களைப் பாருங்கள். அது வேறு வேர், வேறு நோக்கம்.

பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் அடங்குகிறது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

16. ஸ்கேலும் டியூபும் இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாமே? என் பையனே போடுவான்.

போடட்டும், நல்லதுதான். கோட்டை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவான். அதன் பிறகு நான்கு நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: நடுச் சதுரம் முன்னால் வர வேண்டும், இரண்டாவது கண்ணாடி போலத் தெரிய வேண்டும், மூன்றாவதன் வெளிவிளிம்பு கரைய வேண்டும். மாலைக்குள் உங்களிடமே வந்து, எந்தக் கடையில் வேறு கம்பெனி டியூப் கிடைக்கும் என்று கேட்பான்.

1971இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆல்பர்ஸின் வாழ்நாள் படைப்புகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. உயிரோடு இருக்கும் ஓர் ஓவியருக்கு அந்த அருங்காட்சியகம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

17. அப்படியானால் இவர் ஆப் ஆர்ட் ஓவியர்தானே?

1965இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய, அந்தப் பெயரைப் பிரபலமாக்கிய கண்காட்சியில் அவர் படங்களும் இருந்தன. அவருக்கு அந்த முத்திரை பிடிக்கவில்லை. கோடுகளாலும் வடிவங்களாலும் கண்ணை ஏமாற்றும் ஓவியப் பாணிதான் ஆப் ஆர்ட்; அது கண்ணைக் கூசவைத்து வேலை வாங்கும். ஆல்பர்ஸின் படம் முதல் பத்து நொடி சும்மா இருக்கும்; அவசரக்காரர்கள் அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

18. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் போதாதா?

அமைப்பைப் புரிந்துகொள்ளப் போதும். நிறத்துக்குப் போதாது. திரை தானே ஒளியை உமிழ்கிறது. பலகை அறையின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பன்னிரண்டாம் கேள்வியில் பார்த்த விளக்கு வேறுபாடு முழுவதும் திரையில் அழிந்துவிடும். கத்தித் தடமும் பலகையின் சொரசொரப்பும் போய்விடும். போதாக்குறைக்கு, ஒரே படத்தை இரண்டு இணையதளங்களில் திறந்தால் இரண்டு மஞ்சள் வரும்.

வாய்ப்புக் கிடைப்பவர்கள் பொட்ராப் நகரில் 1983இல் திறந்த ஆல்பர்ஸ் அருங்காட்சியகத்திலோ, லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள பெரிய அருங்காட்சியகங்களிலோ நேரில் பார்க்கலாம். இன்னொரு வேடிக்கை: 1980இல் அமெரிக்க அஞ்சல் துறை இந்தச் சதுரங்களில் ஒன்றை 15 சென்ட் தபால்தலையாக அச்சிட்டது. அவ்வளவு சின்ன அளவிலும் நடுச் சதுரம் கொஞ்சம் மினுங்கத்தான் செய்கிறது.

19. ஊரில் இருந்துகொண்டே இதைப் பழக என்ன வழி?

ஆல்பர்ஸ் மாணவர்களிடம் வண்ணத்தைக் கொடுக்கவில்லை, வண்ணத்தாளைக் கொடுத்தார். கலக்கும் தொல்லை இல்லை, தூரிகைத் தடம் இல்லை, ஒரே நிறத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வைக்கலாம். பழைய வார இதழ் அட்டை, திருமண அழைப்பிதழ், பெயின்ட் கடையில் கொடுக்கும் நிற அட்டை எல்லாம் உதவும். பளபளப்பான தாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே தாளிலிருந்து இரண்டு சிறு துண்டு வெட்டி, இரண்டு வெவ்வேறு பின்னணியின் நடுவில் வையுங்கள். பார்ப்பவர் இரண்டும் வெவ்வேறு தாள் என்று சத்தியம் செய்யும்வரை பின்னணியை மாற்றிக்கொண்டே இருங்கள். அது கைவந்தபின் தலைகீழாக: இரண்டு வேறு தாள் துண்டுகளை ஒன்றாகத் தெரியவைக்க வேண்டும். இரண்டாவது பயிற்சியில் பலர் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வார்கள். துண்டின் ஒரு பகுதியை நீட்டி இரண்டு பின்னணியையும் தொடும்படி விட்டால் சந்தேகப்படுபவருக்கு உடனே நிரூபிக்கலாம்.

20. எட்டாம் கேள்வியில் சொன்ன குறிப்பு இருக்கிறதே. அதை வைத்து யாராவது அதே படத்தை அச்சு அசலாகத் திரும்பச் செய்துவிட முடியாதா?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் எட்டாம் பதிலைக் கவனமாகப் படித்திருக்கிறார்கள். பலகை கிடைக்கும், விகிதம் மூன்றாம் பதிலில் இருக்கிறது, நிறத்தின் பெயரும் கம்பெனியும் கையில் இருக்கின்றன. ஆனால் 1959இல் ஒரு கம்பெனி விற்ற மஞ்சளும் இன்று அதே பெயரில் விற்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில நிறமிகள் நச்சு என்று கைவிடப்பட்டன, சில கம்பெனிகள் செய்முறையை மாற்றின. ஏழாம் பதிலில் கம்பெனிக்குக் கம்பெனி நடப்பதாகச் சொன்னது காலத்துக்குக் காலமும் நடக்கிறது. கத்தியை எவ்வளவு அழுத்தினார், வண்ணம் எவ்வளவு கனத்தில் நின்றது என்பதெல்லாம் குறிப்பில் இல்லை. அளவை மாற்றினால் இன்னும் சிக்கல்: அதே நான்கு நிறம் 16 அங்குலத்தில் ஒரு விதமாகவும் 48 அங்குலத்தில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்.

பயிற்சிக்காக நகல் செய்பவர்களைத் தடுக்க மாட்டேன். முடித்தபின் பலகையின் பின்னால் ஆல்பர்ஸ் எழுதிய நிறங்களின் பெயரைப் பார்த்து எழுத வேண்டாம். உங்கள் கையில் இருந்த டியூபின் பெயரை, கம்பெனியையும் சேர்த்து எழுதுங்கள். எந்த விளக்கின் கீழ் வேலை செய்தீர்கள் என்பதையும்.